அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? பி-52ஸ் குழுவும் ஒரு ரகசியமும் (நீண்ட த்ரெட்)

1/
'லவ் ஷாக்' பாட்டு கேட்டிருக்கீங்களா? அமெரிக்கக் கல்யாண பார்ட்டி, கரோக்கி, பழைய பாட்டு போடும் ரேடியோ, எங்கே போனாலும் காதில் விழும். பாடியது பி-52ஸ் என்ற குழு. 1989ல் வந்தது. கேட்டா ஆடத் தோணும், சிரிப்பு வரும். அந்தப் பாட்டு வருவதற்கு நாலு வருஷம் முன்னாடி, அந்தக் குழு கிட்டத்தட்ட முடிஞ்சு போயிருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
இது இசை விமர்சனம் இல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். தன் நோயை யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தாங்கிக்கொண்டு இறந்தவரை, "யாருக்கும் தொந்தரவு கொடுக்காம போயிட்டாரு, எவ்வளவு பெரிய மனசு" என்று புகழ்வது நம்ம பழக்கம். அந்தப் புகழ்ச்சியை நிறுத்தணும் என்கிறேன். அவரைக் குறை சொல்ல அல்ல. அவரைப் புகழ்ந்துவிட்டால், அவர் வாயை மூட வைத்தது எது என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

3/
முதலில் குழுவைப் பற்றி. 1970களின் கடைசியில் பங்க் இசை கிளப்பிய புழுதி அடங்கும்போது வந்த அலைக்கு 'நியூ வேவ்' என்று பெயர். டாக்கிங் ஹெட்ஸ், பிளாண்டி, டீவோ, தி கார்ஸ் எல்லாம் அந்த வகை. பெரும்பாலும் பெரிய நகரத்துக் குழுக்கள். பி-52ஸ் மட்டும் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற சின்னக் கல்லூரி ஊரிலிருந்து வந்தது.

4/
ஐந்து பேர். சிண்டி வில்சன், அவர் அண்ணன் ரிக்கி வில்சன், ரிக்கியின் பள்ளிக்கால நண்பர் கீத் ஸ்ட்ரிக்லேண்ட், கேட் பியர்சன், ஃப்ரெட் ஷ்னைடர். 1976ல் ஒரு சீன உணவகத்தில் ஐந்து பேரும் ஒரே பெரிய கிண்ணத்து மதுவை ஆளுக்கொரு ஸ்ட்ரா போட்டுக் குடித்துவிட்டு, ஒரு நண்பர் வீட்டுக்குப் போய் விளையாட்டாக வாசித்ததுதான் ஆரம்பம். முதல் கச்சேரி 1977 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, ஏதென்ஸில் ஒரு நண்பர் வீட்டுப் பார்ட்டியில்.

5/
பெயரைக் கேட்டதும் போர் விமானம் ஞாபகம் வரும். உண்மையில் அது ஒரு கொண்டை. தலைமுடியைத் தேன்கூடு மாதிரி உயரமாகத் தூக்கிக் கட்டுவது 1960களின் ஃபேஷன். அது அந்த விமானத்தின் மூக்கு மாதிரி இருந்ததால் அதற்கு பி-52 என்று செல்லப் பெயர். சிண்டியும் கேட்டும் அந்தக் கொண்டையோடுதான் மேடை ஏறினார்கள்.

6/
இந்தக் கேலி, கூத்து, கலர் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிய இசை யாருடையது? பெரும்பகுதி ரிக்கியுடையது. ஆறு தந்தி உள்ள கிதாரில் நடுத் தந்திகளைக் கழற்றி விடுவார். மீதித் தந்திகளைத் தன் இஷ்டப்படி சுருதி மாற்றிக் கட்டுவார். அதனால் ஒரே கிதாரில் கீழே தடதட என்று ஒரு ஓட்டம், மேலே கீச்சென்று ஒரு பதில். இரண்டு பேர் வாசிப்பது மாதிரி இருக்கும். குழுவில் பேஸ் கிதார் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. கேட் கீபோர்டில் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார். கீத் டிரம்ஸ்.

7/
1978ல் 'ராக் லாப்ஸ்டர்' என்ற சிங்கிளை ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்டது. அதை வைத்து நியூயார்க்கில் சிபிஜிபி, மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டி மாதிரி கிளப்களில் பெயர் வாங்கினார்கள். 1979ல் முதல் ஆல்பம். பஹாமாஸில் பதிவு, தயாரித்தவர் கிறிஸ் பிளாக்வெல். அமெரிக்காவில் 'ராக் லாப்ஸ்டர்' 56ஆம் இடம்தான். கனடாவில் முதலிடம்.

8/
ஒரு சுவாரசியமான விஷயம். ஐந்து வருஷமாக ஒதுங்கியிருந்த ஜான் லெனன் 1980ல் பெர்முடாவில் இருந்தபோது இந்தப் பாட்டைக் கேட்டார். பெண் குரல்களின் அந்தக் கூச்சலைக் கேட்டதும் மனைவி யோகோ ஓனோவின் பாணி ஞாபகம் வந்ததாம். மறுபடி ஸ்டுடியோவுக்குப் போகத் தன்னைத் தூண்டிய விஷயங்களில் ஒன்றாக அவரே பேட்டிகளில் இதைச் சொன்னார். ஏதென்ஸ் ஊரிலிருந்து பிறகு ஆர்.இ.எம். வந்தது. அந்த ஊரை இசை வரைபடத்தில் போட்டது பி-52ஸ்தான்.

9/
1980ல் 'வைல்ட் பிளானட்'. 1982ல் டாக்கிங் ஹெட்ஸின் டேவிட் பைர்ன் தயாரித்த 'மெசபடோமியா'. 1983ல் 'வாம்மி!'. பெரிய வசூல் இல்லை. ஆனால் விசுவாசமான ரசிகர் கூட்டம் இருந்தது. 1985 ஜனவரியில் பிரேசிலில் நடந்த முதல் 'ராக் இன் ரியோ' விழாவில் வாசித்தார்கள். அதே விழாவில் குயீன் குழுவும் மேடை ஏறியது. ரிக்கி தன் குழுவோடு கடைசியாக மேடையில் நின்றது அங்கேதான்.

10/
அந்த வருஷமே அடுத்த ஆல்பத்துக்கான பதிவு. ரிக்கி மெலிந்துகொண்டே வந்தார், ஆனாலும் வாசித்தார். 1985 அக்டோபர் 12 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 32. எய்ட்ஸ்.
அவருக்கு என்ன நோய் என்று குழுவில் தெரிந்திருந்தது ஒரே ஒருவருக்கு. கீத். கேட்டுக்குத் தெரியாது, ஃப்ரெட்டுக்குத் தெரியாது. கூடப் பிறந்த தங்கை சிண்டிக்கும் தெரியாது.

11/
யாரும் தன்னை நினைத்துக் கவலைப்படுவதையும், தன்னைச் சுற்றி அமர்க்களம் செய்வதையும் ரிக்கி விரும்பவில்லை என்று கேட் பின்னாளில் சொன்னார். ரிக்கி கூச்ச சுபாவம் உள்ளவர், அதிகம் பேசமாட்டார். அதனால் அந்த விளக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். "தொந்தரவு கொடுக்க வேண்டாம்னு நினைச்சேன்" என்ற வாக்கியத்தை மருத்துவர்கள் நிறையக் கேட்கிறோம். பின்னாடி பெரும்பாலும் இன்னொரு வாக்கியம் இருக்கும். "சொன்னா என்ன ஆகும்னு பயமா இருக்கு."

12/
ரிக்கி பயந்தாரா என்று நான் சொல்ல முடியாது. அவர் மனசுக்குள் நான் போகவில்லை. ஆனால் 1985 அமெரிக்காவில் ஒருவர் "எனக்கு எய்ட்ஸ்" என்று சொன்னால் என்ன ஆகும் என்பது பதிவாகி இருக்கிறது. நான்கு விஷயம் மட்டும் சொல்றேன். தேதிகளைக் கவனியுங்க.

13/
ஒன்று. நடிகர் ராக் ஹட்சன். 1985 ஜூலையில் பாரிஸில் சிகிச்சைக்குப் போன இடத்தில் அவருக்கு எய்ட்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஊர் திரும்ப ஒரு முழு போயிங் 747 விமானத்தைத் தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. முன்பு அவரோடு முத்தக் காட்சியில் நடித்த நடிகைக்குத் தொற்றியிருக்குமா என்று பத்திரிகைகள் எழுதின. அக்டோபர் 2ல் இறந்தார். ரிக்கி இறந்தது அதற்குப் பத்து நாள் கழித்து.

14/
இரண்டு. ரயன் வைட் என்ற 13 வயதுப் பையன், இண்டியானா மாநிலம். ஹீமோஃபீலியா நோயாளி. ரத்தம் உறைவதற்காகக் கொடுத்த மருந்து வழியாக எச்ஐவி வந்தது. 1985ல் பள்ளிக்கூடம் உள்ளே விட மறுத்தது. கோர்ட்டுக்குப் போய்த்தான் உள்ளே போக முடிந்தது. "பாவம், தப்பே செய்யாதவன்" என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு குழந்தைக்கே அந்த கதி.

15/
மூன்று. முதல் எய்ட்ஸ் நோயாளிகள் பற்றிய அறிக்கை வந்தது 1981 ஜூன் 5. அதிபர் ரீகன் அந்த நோயைப் பற்றி முதன்முதலாகப் பொதுவெளியில் பேசியது 1985 செப்டம்பர் 17. அதுவும் நிருபர் கேட்ட கேள்விக்குப் பதிலாக. இடையில் நாலு வருஷத்துக்கு மேல். நாட்டின் தலைவர் வாயிலேயே வராத நோயை ஒரு கிதார் கலைஞர் எப்படிச் சாதாரணமாகச் சொல்லுவார்?

16/
நான்கு. ரிக்கி ஓரினச் சேர்க்கையாளர். அவருடைய சொந்த மாநிலமான ஜார்ஜியாவில் அது அப்போது சட்டப்படி குற்றம். படுக்கையறைக்குள்ளேயே போலீஸ் கைது செய்த ஒரு அட்லாண்டா வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1986 ஜூனில் தீர்ப்பு வந்தது. ரிக்கி இறந்து எட்டு மாதம் கழித்து. எய்ட்ஸ் என்று சொல்வது அன்று ஒரு நோயைச் சொல்வது மட்டும் இல்லை. நீங்க யார் என்று ஊருக்கே சொல்வது. ஊர் அதைக் குற்றம் என்று எழுதி வைத்திருந்தது.

17/
இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் "யாருக்கும் சொல்லாத பெரிய மனசு" என்ற புகழ்ச்சி எப்படி இருக்கு? ஒருத்தரைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு, உள்ளேயே இருக்கிறார் பாருங்க, எவ்வளவு அமைதியான மனிதர் என்று பாராட்டுவது மாதிரி.

18/
இப்போ எதிர்வாதம். நியாயமான வாதம்தான்.
"டாக்டர், நோய் அவருடையது. சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. சொல்லியிருந்தா ஸ்டுடியோவில் எல்லோரும் நோயாளியாத்தான் பார்த்திருப்பாங்க. சொல்லாததால் கடைசி வரை கிதார் கலைஞராகவே இருந்தார். இதில் என்ன தப்பு?"

19/
தப்பே இல்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவத்தின் அடிப்படை. மனைவியோ அண்ணனோ முதலாளியோ வந்து கேட்டாலும் நோயாளி அனுமதி இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. ரிக்கி கடைசி வரை வாசித்ததில் ஒரு கம்பீரம் இருக்கு, அதையும் மறுக்கலை. நான் கேட்பது ஒன்றுதான். சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டு கதவும் திறந்திருந்தால் அது உரிமை. ஒரு கதவைப் பூட்டிவிட்டு மறு கதவைக் காட்டினால் அதற்கு உரிமை என்று பெயரா?

20/
இன்னொரு நேர்மையான கேள்வி. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா?
இல்லை. எச்ஐவி ரத்தப் பரிசோதனைக்கே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில்தான். முதல் மருந்து ஏஇசட்டி வந்தது 1987 மார்ச்சில். 1985ல் எய்ட்ஸ் நிலைக்குப் போனவருக்கு மருத்துவம் தர முடிந்தது மிகக் குறைவு. ஆகவே அந்த ரகசியம் அவர் உயிரை எடுக்கவில்லை. அது எடுத்தது வேறு. பிரிய நேரம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை எடுத்தது.

21/
முதலில் கீத். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த நண்பன் சாகப்போகிறான் என்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அவன் தங்கை. அவளிடம் சொல்லக் கூடாது. தினமும் சேர்ந்து வேலை. அழவும் முடியாது, யாரிடமும் கலந்து பேசவும் முடியாது. ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர் படும் பாட்டை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. இதைப் படிக்கிறவர்களில் சிலர் இப்போது அந்த இடத்தில் இருக்கலாம்.

22/
அப்புறம் சிண்டி. நெருங்கியவர் இறக்கப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னாடியே ஆரம்பிக்கும். அது கொடுமைதான், ஆனால் அதில் ஒரு உபயோகமும் உண்டு. கேட்க வேண்டியதைக் கேட்கலாம், மன்னிக்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். தெரியாமல் இருந்தவருக்கு மொத்தமும் ஒரே நாளில் வந்து விழும். கூடவே "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்ற கேள்வியும் வரும். பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

23/
ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று ஒரு கருத்து உண்டு. கென்னத் டோகா என்ற அறிஞர் 1989ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எல்லா சாவுக்கும் ஊர் ஒரே மாதிரி அழ அனுமதிப்பதில்லை. தற்கொலை, எய்ட்ஸ், வெளியே சொல்லாத உறவு, இதற்கெல்லாம் துக்கம் விசாரிக்க வருகிறவர்களே "எப்படி செத்தார்?" என்று குசுகுசுப்பார்கள். துக்கப்படுகிறவர் துக்கத்தோடு பொய்யையும் தயார் செய்து வைக்க வேண்டும். 1985ல் எய்ட்ஸில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்களின் நிலைமை அதுதான்.

24/
குழுவுக்கு என்ன ஆனது? ரிக்கி வாசித்து வைத்திருந்த 'பவுன்சிங் ஆஃப் தி சாட்டிலைட்ஸ்' ஆல்பம் 1986 செப்டம்பரில் வெளிவந்தது. சுற்றுப்பயணம் போகவில்லை. போக யாருக்கும் மனசு இல்லை. ஆல்பம் பெரிதாகப் போகவில்லை. குழு கலைந்ததாக அறிவிக்கவில்லை, ஆனால் இயங்கவும் இல்லை. ரிக்கி இல்லாத பி-52ஸ் என்று ஒன்று இருக்க முடியும் என்று அவர்களுக்கே தோன்றவில்லை.

25/
மாற்றம் கீத் மூலமாக வந்தது. அவர் டிரம்ஸை விட்டுவிட்டு கிதாரை எடுத்தார். ரிக்கியோடு சேர்ந்து இசை அமைத்தவர் அவர், ரிக்கி எப்படித் தந்தி கட்டுவார் என்று பார்த்தவர். நியூயார்க்கின் வடக்கே வுட்ஸ்டாக் பக்கம் குடிபோனார். தனியாகச் சில மெட்டுகள் போட்டார். பிறகு மற்ற மூவரையும் கூப்பிட்டார். பழைய முறையிலேயே வேலை. கீத் இசையை ஓடவிடுவார், கேட், சிண்டி, ஃப்ரெட் மூவரும் அதன்மேல் வாய்க்கு வந்ததைப் பாடிப் பாடி வார்த்தைகளைக் கண்டுபிடிப்பார்கள்.

26/
இந்த முறை வந்த வார்த்தைகள் எதைப் பற்றி? பெரும்பகுதி ஏதென்ஸ் பற்றி. இளமைக் காலம், வேலை வெட்டி இல்லாமல் நண்பர்களோடு சுற்றியது. 'டெட்பீட் கிளப்' முழுக்க அந்த நாட்களின் நினைவு. 'லவ் ஷாக்' சொல்லும் குடிசைக்கும் ஏதென்ஸ் பக்கத்தில் கேட் ஒரு காலத்தில் குடியிருந்த ஒரு சின்ன வீடு தூண்டுதல். ஐந்து பேரும் ஒன்றாக இருந்த காலத்துக்கு நான்கு பேர் திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள். எல்லோரும் ஆடும் அந்தப் பாட்டை இதை மனசில் வைத்து இன்னொரு தடவை கேளுங்க.

27/
'காஸ்மிக் திங்' ஆல்பம், 1989 ஜூன். தயாரிப்பு நைல் ராட்ஜர்ஸ், டான் வாஸ். 'லவ் ஷாக்' அமெரிக்காவில் 3ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம். அடுத்து வந்த 'ரோம்' பாட்டும் 3ஆம் இடம். ஆல்பம் 4ஆம் இடம் வரை போனது, பல லட்சம் பிரதிகள் விற்றது. ஆரம்பித்து 13 வருஷம் கழித்து, முக்கியமான ஆளைப் பறிகொடுத்த பிறகு, அவர்களுடைய மிகப் பெரிய வெற்றி.

28/
"துக்கத்தை வெற்றியாக மாற்றினார்கள்" என்று மோட்டிவேஷன் கதையாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ரிக்கி இறந்ததால் எந்த நல்லதும் நடக்கவில்லை. நான் பார்ப்பது இதுதான்: 1985ல் ஒருவர் தனியாகச் சுமந்தது, 1988, 89ல் நான்கு பேரால் சேர்ந்து சுமக்கப்பட்டது. ஒரே அறை, ஒரே நினைவு, வாய்விட்டுப் பாட்டு. இதைத்தான் ரிக்கி உயிரோடு இருந்தபோது செய்ய முடியாமல் போனது. அவர்களுக்குத் தெரியாது என்பதால்.

29/
1987ல் எய்ட்ஸ் ஆராய்ச்சி அமைப்பான ஆம்ஃபாருக்காக ஒரு விழிப்புணர்வுப் படமும் செய்தார்கள். பார்ட்டி பாட்டு பாடும் குழு, கோமாளிக் குழு என்று இன்றும் சிலர் இவர்களை ஓரமாக வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நோயின் பெயரையே பலர் உச்சரிக்கத் தயங்கிய காலத்தில், அதற்கு ஆளைப் பறிகொடுத்தவர்கள் முகம் காட்டிப் பேசியது சின்ன விஷயமா?

30/
சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்கணும். 1991 நவம்பரில் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்ஐவி என்று தானே அறிவித்தார். அடுத்த வருஷம் மறுபடி ஆட வந்தபோது, அவரோடு ஆடினால் ஒட்டிக்கொள்ளும் என்று சக வீரர்களே வெளிப்படையாகப் பயந்தார்கள். சீசன் தொடங்கும் முன்பே விலகினார். அவர் அறிவித்த அதே மாதம் குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி தன் நோயை உறுதிப்படுத்தினார். மறுநாளே இறந்தார். இதைப் பார்த்த சாதாரண ஆள் என்ன முடிவுக்கு வருவார்?

31/
1996ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. மேஜிக் ஜான்சன் இன்றும் நடமாடுகிறார். இன்று சரியான நேரத்தில் கண்டுபிடித்து, தினமும் மாத்திரை போட்டால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட ஆயுள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே தொடர்ந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இது ஆயிரக்கணக்கான ஜோடிகளைப் பின்தொடர்ந்து உறுதி செய்த விஷயம்.

32/
"அப்போ பிரச்சினை தீர்ந்ததே, 40 வருஷப் பழைய கதை எதுக்கு?"
இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1985ல் ரகசியம் பறித்தது விடைபெறும் நேரத்தை. இன்று ரகசியம் உயிரையே பறிக்கும். காரணம், மருந்து இருக்கு. மருந்து இருக்கும் நோயை மறைத்தால்தான் ஆபத்து அதிகம்.

33/
எப்படி? பயந்தவர் டெஸ்ட் எடுக்கமாட்டார். எடுத்தாலும் ரிசல்ட் வாங்க வரமாட்டார். மருந்து ஆரம்பித்தாலும் வீட்டில் தெரியக் கூடாது. மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழிப்பார். சொந்தக்காரர் வந்து தங்கினால் நாலு நாள் மாத்திரை போடமாட்டார். திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் மாத்திரையை எடுத்துப் போகமாட்டார். இப்படி விட்டுவிட்டுப் போட்டால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும், மருந்து வேலை செய்யாமல் போகும். வைரஸ் தன் வேலையைச் செய்வதற்கு நம்ம வீட்டு மௌனம் உதவி செய்கிறது.

34/
எச்ஐவி மட்டும் இல்லை. காசநோய், மனநோய், வலிப்பு, கல்லீரல் நோய், மார்பில் கட்டி. "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்ற வரிசை நீளம். அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு நோயிலும் ஆட்கள் தாமதமாக வருகிறார்கள். தாமதத்துக்கு டாக்டரிடம் மருந்து கிடையாது.

35/
சட்டம் ஓரளவு மாறிவிட்டது. ஜார்ஜியாவின் அந்தச் சட்டத்தை அந்த மாநில நீதிமன்றமே 1998ல் ரத்து செய்தது. இந்தியாவில் 2017ல் எச்ஐவி தடுப்புச் சட்டம் வந்தது: வேலை, படிப்பு, சிகிச்சையில் பாகுபாடு கூடாது, அனுமதியின்றி ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது. அரசு மையங்களில் மருந்து இலவசம். சந்தேகம் இருந்தால் 1097க்கு அழைக்கலாம். சட்டம் செய்யக்கூடியது இவ்வளவுதான். சொல்லலாமா என்று ஒருவர் முடிவு செய்வது சட்டப் புத்தகத்தைப் பார்த்து இல்லை. உங்க முகத்தைப் பார்த்து.

36/
அதனால் உங்களுக்குச் சில விஷயம்.
யாராவது உங்களிடம் தன் நோயைச் சொன்னால், "எப்படி வந்துச்சு?" என்று கேட்காதீங்க. அந்தக் கேள்வி சிகிச்சை தரும் டாக்டருக்கு மட்டும் தேவை. "யார் யாருக்குத் தெரியும், யாருக்குச் சொல்லக் கூடாது?" என்று கேளுங்க. அதைக் காப்பாத்துங்க. "அடுத்த செக்கப் எப்போ, நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்க. இவ்வளவு போதும்.

37/
ஒருவர் ரகசியத்தை நீங்க சுமக்கிறீங்க என்றால், கீத் மாதிரி, அதை உடைக்காதீங்க. ஆனால் "இதை நான் மட்டும் தாங்க முடியலை, இன்னும் ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லலாமா?" என்று அவரிடமே அனுமதி கேட்கலாம். அது துரோகம் இல்லை. உங்களுக்கென்று ஒரு கவுன்சிலரிடம் பெயர் சொல்லாமல் பேசலாம்.

38/
நோய் இருந்தும் சொல்லாமல் இருக்கிறவர் இதைப் படித்தால்: உங்களைச் சொல்லச் சொல்லி நான் கட்டாயப்படுத்தலை. முகநூலில் அறிவிக்க வேண்டாம், ஊருக்குத் தெரிய வேண்டாம். மருந்தை மட்டும் மறைக்காமல் போட முடிகிற ஒரு இடம், ஒரே ஒரு ஆள். அது போதும். அந்த ஆள் ரத்த சொந்தமாக இருக்கணும் என்று அவசியமும் இல்லை.

39/
கீத் 2012ல் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். நடுவில் சில வருஷம் விலகியிருந்த சிண்டி திரும்பி வந்தார். 2008ல் 'ஃபன்பிளெக்ஸ்' ஆல்பம் வந்தது. 2022ல் விடைபெறும் சுற்றுப்பயணம். காதலர் தினப் பார்ட்டியில் ஆரம்பித்து 45 வருஷம். ரிக்கி இருந்தது அதில் எட்டே முக்கால் வருஷம்தான். ஆனால் 'ராக் லாப்ஸ்டர்' தொடங்கும்போது முதலில் கேட்பது அவர் கிதார்.

40/
அடுத்த தடவை யாராவது ஒரு சாவு வீட்டில் "கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலையே, என்ன மனுஷன்!" என்று சொன்னால் சும்மா தலையாட்டாதீங்க. சண்டையும் போடாதீங்க. நம்மகிட்ட சொல்ற மாதிரி நாம இருந்தோமா என்று மட்டும் மெதுவா கேளுங்க. அங்கே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு இன்னொருவர் இருக்கலாம். அவர் காதில் அது விழட்டும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. சொந்த விஷயம் என்றால் இங்கே எழுத வேண்டாம், பக்கத்தில் உள்ள டாக்டரை நேரில் பாருங்க.